வண்டி சுமக்கும் மின்சாரம்

பாரம் சுமப்பதற்கென்றே மனிதன் வண்டியைப் படைத்தான். மாட்டு வண்டியாயினும் மோட்டார் வண்டியாயினும், ஓரிடத்துப் பொருளை மற்றோரிடத்தில் கொண்டு சேர்ப்பதே அதன் தொழில். நெல், மரம், கல், இரும்பு எனக் கண்ணால் காணத்தக்க பொருள்களையே வண்டிகள் நெடுங்காலம் சுமந்து வந்தன. இன்றோ, கண்ணுக்குப் புலனாகாத ஒன்றையும் சுமந்து செல்லும் வண்டிகள் தோன்றிவிட்டன. அவை சுமப்பது மின்சாரம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உழவரும் தச்சரும் கட்டட வேலையாளரும் பெரிதும் பயன்படுத்துவது 'பிக்கப்' எனப்படும் சிறு சரக்கு வண்டி. முன்புறம் ஆட்கள் அமரும் அறையும், பின்புறம் பொருள் ஏற்றும் திறந்த தட்டும் உடையது அது. அத்தகைய வண்டிகள் பலவற்றில், வீட்டுச் சுவரில் காணப்படுவது போன்ற மின் செருகுவாய் ஒன்று அமைந்திருக்கின்றது. பேச்சு வழக்கில் 'பிளக் பாயின்ட்' என்று சொல்லப்படுவது அதுவே. ஊருக்கு அப்பால், மின்கம்பமே இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, அச்செருகுவாயில் ஒரு விளக்கையோ துளைப்பானையோ கணிப்பொறியையோ இணைத்து இயக்கலாம். இவ்வசதி எவ்வாறு அமைந்தது, அதனிடம் எவ்வளவு பெறலாம், எங்கே அஞ்ச வேண்டும் என்பவற்றை அறிந்தவனுக்கு அது நல்ல துணை. அறியாதவனுக்கு அதுவே இடராக முடிதலும் உண்டு.

வண்டியின் ஆற்றலை ஓட்டம் அல்லாத வேறு பணிகளுக்குத் திருப்பும் எண்ணம் புதியதன்று. 1908ஆம் ஆண்டு முதல் 1927ஆம் ஆண்டு வரை ஃபோர்டு நிறுவனம் செய்து விற்ற 'மாடல் டி' என்னும் மோட்டார் வண்டி, அமெரிக்க நாட்டுப்புறங்களில் வீட்டு ஆள்போல் உழைத்தது. உழவன் அவ்வண்டியின் பின்சக்கரம் ஒன்றைத் தரையினின்றும் உயர்த்தி நிறுத்துவான். சுழலும் சக்கரத்தோடு வார் ஒன்றைப் பூட்டுவான். அவ்வாரின் மறுமுனையில் மரம் அறுக்கும் வாளோ, நீர் இறைக்கும் பம்போ, சோளம் உதிர்க்கும் பொறியோ சுழலும். அக்காலத்தில் நகரத்து வீடுகளில் மின்விளக்கு ஒளிர்ந்தது. பண்ணை வீடுகளிலோ மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. 1930களின் தொடக்கத்தில் அந்நாட்டுப் பண்ணைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்னிணைப்பு இருந்தது. 1935ஆம் ஆண்டில் நாட்டுப்புற மின்வசதி நிருவாகம் தோற்றுவிக்கப்பட்ட பின்னரே மின்கம்பிகள் சிற்றூர்களை நோக்கி விரைந்து சென்றன.

கம்பி வீட்டு வாயிலுக்கு வந்ததேயன்றி, வயலின் நடுவுக்கு வரவில்லை. ஆதலின், மின்சாரத்தைத் தன்னோடு கொண்டு செல்லும் வண்டியின் தேவை நீங்கவில்லை. 1954ஆம் ஆண்டில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம், டிராக்டரில் பொருத்தத்தக்க 'எலெக்ட்ரால்' என்னும் மின்னாக்கியை வெளியிட்டது. டிராக்டரின் எஞ்சின் சுழல, அம்மின்னாக்கி மின்சாரம் தந்தது. ஐம்பது ஆண்டுகள் கழிந்து, 2004ஆம் ஆண்டில், செவர்லே சில்வராடோ வண்டியின் ஹைபிரிட் வகை நான்கு செருகுவாய்களோடு வெளிவந்தது. அவை 2,400 வாட் ஆற்றல் தந்தன. 2021ஆம் ஆண்டின் மாதிரியாக வந்த ஃபோர்டு எஃப்-150 வண்டியின் ஹைபிரிட் வகையில் 7,200 வாட் வரை பெறும் வாய்ப்பு அமைந்தது. வாரும் சக்கரமும் செய்த வேலையை இப்பொழுது ஒரு சிறு வாய் செய்கின்றது.

அவ்வாய்க்குப் பின்னால் மறைந்திருக்கும் வேலை எளியதன்று. மோட்டார் வண்டியில் இயற்கையாக உள்ள மின்சாரம் ஒருவகை. வீட்டுக் கருவிகள் வேண்டும் மின்சாரம் மற்றொருவகை. வண்டியின் சேம மின்கலம் ஏறத்தாழ 12 வோல்ட் அழுத்தமுள்ளது. அதிலிருந்து வரும் ஓட்டம் ஒரே திசையில் செல்வது. அதனை நேர் மின்னோட்டம் என்பர். அமெரிக்க வீடுகளுக்கு வருவதோ ஏறத்தாழ 120 வோல்ட் அழுத்தமுள்ள மாறு மின்னோட்டம். அது முன்னும் பின்னுமாகத் திசை மாறி, நொடிக்கு 60 சுற்றுகளை முடிக்கின்றது. தமிழ்நாட்டு வீடுகளில் அழுத்தம் 230 வோல்ட். சுற்றுகள் நொடிக்கு 50. ஆதலால், அமெரிக்க வண்டியின் செருகுவாய் இந்நாட்டுக் கருவிகளுக்குப் பொருந்துவதன்று. மின்னழுத்தத்தை நீர்த்தொட்டியின் உயரத்திற்கு ஒப்பிடலாம். தாழ்ந்த தொட்டியிலிருந்து வரும் நீர் மெல்ல வழியும். உயர்ந்த தொட்டியிலிருந்து வரும் நீர் பீறிட்டுப் பாயும். 12 வோல்ட் என்னும் தாழ்ந்த தொட்டியை 120 வோல்ட் என்னும் உயரத்திற்கு ஏற்றவும் வேண்டும். ஒரே திசையில் செல்லும் ஓட்டத்தை அலைபோல் முன்னும் பின்னும் செல்லவும் செய்ய வேண்டும்.

இவ்விரு பணிகளையும் செய்யும் கருவியே இன்வெர்ட்டர். மின்தடை ஏற்பட்டவுடன் வீட்டு விளக்கை எரியச் செய்யும் பெட்டியாக இதனைப் பலரும் அறிவர். அதே கருவி, சிறிய வடிவில், வண்டியின் உடலுக்குள் ஒளிந்திருக்கின்றது. அதற்கு மின்சாரம் ஊட்டுவது ஆல்டர்னேட்டர் எனப்படும் மின்னாக்கி. எஞ்சின் சுழலும்போது அதனோடு பிணைந்த வாரினால் ஆல்டர்னேட்டரும் சுழன்று மின்சாரத்தை உண்டாக்குகின்றது. அம்மின்சாரம் நேர் மின்னோட்டமாக மாற்றப்பட்டு மின்கலத்தை நிரப்புகின்றது. வண்டியின் விளக்குகளையும் விசிறியையும் பிற உறுப்புகளையும் இயக்குகின்றது. எஞ்சியதே இன்வெர்ட்டர் வழியாகச் செருகுவாயை அடைகின்றது. ஆகவே, செருகுவாயில் கிடைக்கும் ஒவ்வொரு வாட்டும் பெட்ரோலில் பிறந்து, எஞ்சினிலும் ஆல்டர்னேட்டரிலும் இன்வெர்ட்டரிலும் சிறிது சிறிதாக வெப்பமாக வீணாகி, மீதியாக வந்து சேர்வதே ஆகும். வீட்டுச் செருகுவாய்க்குப் பின்னால் பெரிய மின்நிலையங்கள் நிற்கின்றன. வண்டிச் செருகுவாய்க்குப் பின்னால் நிற்பது ஒரே ஓர் எஞ்சின். வடிவம் ஒன்றே, வலிமை ஒன்றன்று.

இதனை ஒரு சிறு கணக்கால் தெளியலாம். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது வாட் என்னும் அளவிலான ஆற்றல். 400 வாட் வேண்டும் ஒரு கருவி, 120 வோல்ட் செருகுவாயிலிருந்து 3.3 ஆம்பியர் அளவே ஓட்டத்தை இழுக்கும். அதே 400 வாட்டை 12 வோல்ட் மின்கலத்திலிருந்து பெற வேண்டுமாயின் 33 ஆம்பியர் வேண்டும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 35 ஆம்பியருக்கு மேலும் ஆகும். அழுத்தம் பத்தில் ஒன்றாகக் குறைந்தால் ஓட்டம் பத்து மடங்காகப் பெருகுகின்றது. 60 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலத்தை இத்தகைய ஓட்டம் இரண்டு மணி நேரத்திற்குள் வற்றச் செய்துவிடும். வற்றிய மின்கலத்தால் எஞ்சினைக் கிளப்ப இயலாது. விளக்கெரிக்க வந்த வண்டி வீடு திரும்ப மாட்டாமல் நிற்கும். இது கருதியே, எஞ்சின் ஓடினாலன்றி அல்லது வண்டி இயக்க நிலையில் இருந்தாலன்றி மின்சாரம் வாராதபடி பல வண்டிகளில் செருகுவாய் அமைக்கப்பட்டுள்ளது. ஓட்டுநரின் எதிரே உள்ள பலகையில் அதற்கெனத் தனிச் சுவிட்சும் உண்டு. அதனை அழுத்தாமல், செருகுவாய் பழுதென்று எண்ணி ஏமாறுவோர் உளர்.

கருவிகளின் பசி ஒரே அளவினதன்று. ஓர் எல்.இ.டி. விளக்குக்கு 10 வாட் போதும். கைப்பேசிக்கு மின்னூட்ட 20 வாட்டுக்கு மேல் பெரும்பாலும் வேண்டுவதில்லை. மடிக்கணினிக்கு 60 முதல் 100 வாட் வேண்டும். குளிர்பதனப் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது 100 முதல் 200 வாட் வரை கொள்ளும். ஆயின், வெப்பம் உண்டாக்கும் கருவிகளின் பசி பெரும்பசி. அமெரிக்க வீடுகளில் நீர் கொதிக்க வைக்கும் மின்கெண்டியும், குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் சிறு கணப்பும் ஒவ்வொன்றும் 1,500 வாட் வரை இழுப்பன. ஒரு கணப்பு உண்ணும் மின்சாரத்தைக் கொண்டு 150 எல்.இ.டி. விளக்குகளை எரிக்கலாம். ஒவ்வொரு கருவியின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டுள்ள சிறு தகட்டில் அதன் வாட் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். அத்தகட்டைப் படித்தல் முதல் பாடம். செருகுவாயின் மூடியருகே எழுதப்பட்ட அளவைப் படித்தல் இரண்டாம் பாடம். முன்னதைப் பின்னது தாங்குமா எனக் கணக்கிடுதல் மூன்றாம் பாடம்.

பல ஆண்டுகளாக வெளிவந்த டொயோட்டா டக்கோமா என்னும் வண்டி இதற்குத் தக்க சான்று. அதன் பின்தட்டில் அமைந்த செருகுவாய் 400 வாட் வரை தருவது. ஆயின், அவ்வளவும் கிடைப்பது வண்டியை நிறுத்தி, கியரை நிறுத்த நிலையில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டபோதுதான். வண்டி ஓடும்போது 100 வாட்டுக்கு மேல் அது தருவதில்லை. இவ்வேறுபாட்டை அறியாதவன், நின்ற வண்டியில் நன்கு ஓடிய கருவி பாதையில் சென்றவுடன் அடங்கிவிட்டதைக் கண்டு திகைப்பான். செருகுவாய் கெட்டுவிடவில்லை; தன் எல்லையைக் கூறிவிட்டது, அவ்வளவே.

மோட்டார் உள்ள கருவிகளில் மற்றொரு நுட்பமும் உண்டு. நின்றிருக்கும் பாரவண்டியை முதலில் அசைக்க மாடுகள் எவ்வளவு முயல வேண்டும் என்பது கண்டவர்க்குத் தெரியும். அசைந்தபின் அவ்வளவு முயற்சி வேண்டுவதில்லை. மின்மோட்டாரும் அத்தகையதே. நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த ஒரு நொடிக்குள், அது தான் வழக்கமாகக் கொள்ளும் மின்சாரத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். 150 வாட் என்று தகடு கூறும் குளிர்பதனப் பெட்டி, தொடங்கும்போது 400 வாட் செருகுவாயைத் திணறச் செய்வது இதனால்தான். மிகுதியாக இழுக்கப்படுவதை உணர்ந்ததும் இன்வெர்ட்டர் தானே அடங்கிவிடும். அது குறையன்று, காவல். கருவியைப் பிடுங்கி, சுவிட்சை அணைத்து, மீண்டும் போட்டால் பல வண்டிகளில் மின்சாரம் மீளும். அடங்காமல் ஓட்டத்தைத் தந்துகொண்டே இருப்பின் கம்பிகள் காய்ந்து, உருகி தீய்ந்து, தீயும் பற்றக்கூடும்.

ஹைபிரிட் வண்டிகள் எவ்வாறு பேரளவு மின்சாரம் தருகின்றன என்னும் ஐயம் இங்கே எழலாம். 7,200 வாட்டை 12 வோல்ட்டிலிருந்து பெற வேண்டுமாயின் 600 ஆம்பியர் ஓட்டம் வேண்டும். அவ்வளவைத் தரும் வலிமை சாதாரண ஆல்டர்னேட்டருக்கு இல்லை. தாங்கும் கம்பி கைத்தடி போல் பருத்திருக்க வேண்டும். ஹைபிரிட் வண்டியிலோ சக்கரங்களைச் சுழற்றுவதற்கென்றே உயர்ந்த அழுத்தமுள்ள தனி மின்கலமும், மின்னாக்கியாகவும் பணிபுரியும் பெரிய மோட்டாரும் உள்ளன. எஃப்-150 ஹைபிரிட்டில் அம்மோட்டார் 35 கிலோவாட் ஆற்றலுள்ளது. வண்டியை ஓட்டுவதற்கு அமைந்த அவ்வாற்றலின் ஒரு பகுதியே நின்ற நேரத்தில் வெளியே திருப்பப்படுகின்றது. மின்கலம் குறையும்போது எஞ்சின் தானே கிளம்பி அதனை நிரப்பும். நிரம்பியதும் தானே நிற்கும். பெட்ரோல் உள்ளவரை இச்சுழற்சி நடக்கும்.

இவ்வசதி பணிக்கருவி என்னும் நிலையினின்றும் உயிர்காக்கும் துணை என்னும் நிலைக்கு உயர்ந்தது 2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில். வெப்பமிக்க கோடைக்குப் பெயர்பெற்ற டெக்ஸாஸ் மாநிலத்தை அத்திங்களில் கடும்பனிப் புயல் தாக்கியது. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. மின்நிலையங்கள் பல நின்றன. வீடுகளில் கணப்புகள் மிகுந்தமையால் மின்சாரத் தேவையோ பெருகியது. பெருமின்வலை ஒன்றில், உண்டாகும் மின்சாரமும் செலவாகும் மின்சாரமும் நொடிதோறும் சமமாக நிற்க வேண்டும். செலவு மிகுந்தால், பாரம் மிகுந்த வண்டியின் எஞ்சின் தளர்வதுபோல, மின்நிலையங்களின் சுழற்சி தளரும்; நொடிக்கு 60 என்னும் சுற்று குறையும். பிப்ரவரி 15ஆம் நாள் பொழுது புலர்வதற்கு முன், அச்சுற்று 59.4க்கும் கீழே இறங்கி, 4 நிமிடம் 23 நொடி அங்கேயே நின்றது. அந்நிலை 9 நிமிடம் நீடித்திருப்பின், எஞ்சிய மின்நிலையங்களும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே துண்டித்துக்கொண்டிருக்கும். மாநிலம் முழுதும் இருளில் ஆழ்ந்திருக்கும். அதனைத் தவிர்க்க, மின்வலையை நடத்துவோர் பகுதி பகுதியாக மின்சாரத்தை நிறுத்தினர். 45 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. பல இடங்களில் அது நாள்கணக்கில் மீளவில்லை.

மின்சாரம் நின்ற வீட்டில் விளக்கு மட்டுமா அணைந்தது? எரிவாயுவால் சூடாகும் வீடுகளிலும் அச்சூட்டை அறைகளுக்குப் பரப்பும் விசிறி மின்சாரத்தால் சுழல்வது. ஆகவே எரிவாயு இருந்தும் வீடு குளிர்ந்தது. மூச்சுத்திணறல் உற்ற முதியோருக்குப் பிராணவாயுவைத் திரட்டித் தரும் கருவி நின்றது. அந்த நாள்களில், செருகுவாய் உள்ள வண்டிகளை உடையோர் சிலர் அவற்றை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, கம்பி ஒன்றை உள்ளே இழுத்து, விளக்கும் கணப்பும் இயக்கிக்கொண்டனர். அதனை அறிந்த ஃபோர்டு நிறுவனம், டெக்ஸாஸ் விற்பனையாளர்கள் தம்மிடம் இருந்த அத்தகைய வண்டிகளை, துன்புறும் மக்களுக்குக் கடனாகத் தந்து உதவுமாறு வேண்டிக்கொண்டது.

அப்புயலால் இறந்தோர் 246 பேர் எனப் பின்னர் மாநில நலவாழ்வுத் துறை கணக்கிட்டது. அவர்களுள் 161 பேர் குளிரினால் மாண்டனர். 19 பேரின் உயிரைக் கொண்டுபோனதோ குளிரன்று. குளிரை நீக்க மூட்டிய நெருப்பிலும் ஓடவிட்ட எஞ்சினிலும் பிறந்த கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு. பெட்ரோலும் கரியும் முற்றும் எரியாதபோது அவ்வாயு தோன்றுகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் மூக்கும் அதன் வருகையை அறிய மாட்டா. குருதியில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், உறக்கம் என வந்து, உறக்கத்திலேயே உயிர் பிரியும். எனவே, எஞ்சின் ஓடும் வண்டியிலிருந்து மின்சாரம் பெறுவோர் முதலில் நினைவிற்கொள்ள வேண்டுவது இது: வண்டி திறந்த வெளியில் நிற்க வேண்டும். வண்டிக் கொட்டிலினுள், கதவைத் திறந்து வைத்தும்கூட, அதனை ஓடவிடலாகாது. புகைக்குழாய் வீட்டுக் கதவையும் பலகணியையும் நோக்கியிருத்தல் கூடாது. கம்பி நீளட்டும், புகை அணுகாதிருக்கட்டும்.

இரண்டாம் அச்சம் வீட்டுக்குள்ளேயே இருப்பது. ஆனால் அது கொல்வது வேறொருவனை. ஒவ்வொரு கருவியாகச் செருகுவதற்குப் பதில், இரு முனையிலும் பிளக் உள்ள கம்பி ஒன்றைச் செய்து, ஒரு முனையை வண்டியிலும் மறுமுனையை வீட்டுச் சுவரிலும் செருகிவிட்டால் வீடு முழுதும் ஒளிபெறுமே எனச் சிலர் எண்ணுவர். அவ்வாறு செய்தால், மின்சாரம் வீட்டுக் கம்பிகளின் வழியே பின்னோக்கிச் சென்று தெருக் கம்பத்து மின்மாற்றியை அடையும். தெருவிலிருந்து வீட்டுக்கு வரும்போது அழுத்தத்தைக் குறைக்கும் அதே மின்மாற்றி, வீட்டிலிருந்து தெருவுக்குச் செல்லும்போது அதனைப் பன்மடங்கு உயர்த்தும். அமெரிக்கத் தெருக்கம்பிகளில் வழக்கமாக உள்ள அழுத்தங்களுள் ஒன்று 7,200 வோல்ட். மின்சாரம் இல்லை என்று நம்பி, அறுந்த கம்பியைச் செப்பனிடக் கம்பத்தில் ஏறிய தொழிலாளியின் கையில் அவ்வழுத்தம் பாயும். ஒரு வீட்டின் வெளிச்சத்திற்காக, ஊருக்கு வெளிச்சம் தர வந்தவன் உயிர் போகும். இதனைத் தடுப்பதே 'சேஞ்ச் ஓவர் சுவிட்ச்'. வீட்டுக் கம்பிகளை ஒரு நேரத்தில் தெருவோடு மட்டும் அல்லது வண்டியோடு மட்டும் இணைக்கும் அமைப்பு அது. இரண்டையும் ஒருங்கே இணைக்க அது இடங்கொடாது. தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு அதனை முறைப்படி அமைத்தாலன்றி, வீட்டுக் கம்பிகளோடு வண்டியைச் சேர்த்தல் ஒருபோதும் தகாது. கருவியை நேரே வண்டியில் செருகுவதே எளியது.

மூன்றாவது, ஈரம். பிக்கப்பின் பின்தட்டு திறந்தது. மழையும் பனியும் அங்கே விழும். ஈரக்கையும் ஈரத்தரையும் மின்சாரத்திற்கு வழியாகும். செருகுவாயை மூடி இடுவதோடு, பல வண்டிகளில் மற்றொரு காவலும் வைத்துள்ளனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மின்பொறியியல் பேராசிரியராய் விளங்கிய சார்லஸ் டால்சியல், எவ்வளவு மின்னோட்டம் மனித உடலுக்குத் தீங்காகும் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவ்வாராய்ச்சியின் பயனாக 1961ஆம் ஆண்டில் அவர் ஒரு காவற்கருவியை உருவாக்கினார். ஒரு கம்பியில் செல்லும் மின்னோட்டம் முழுதும் மறு கம்பியில் திரும்பி வருகின்றதா என்று அக்கருவி இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஏறத்தாழ 5 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், அவ்வளவும் யாரோ ஒருவர் உடல் வழியாகத் தரைக்குச் செல்கின்றது எனக் கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தை அறுத்துவிடும். இத்தகைய காவல் அறுத்த மின்சாரத்தை, காரணம் காணாமல் மீண்டும் மீண்டும் போட முயல்வது, குரைக்கும் நாயின் வாயைக் கட்டிவிட்டு உறங்குவது போன்றது.

இழுக்கும் கம்பியும் கருதத்தக்கது. நீண்டு மெலிந்த கம்பியில் மின்சாரம் வழியிலேயே வெப்பமாகி வீணாகும். மிகுந்த சுமையில் கம்பியே சுடும். சுருட்டி வைத்த கம்பியில் அச்சூடு வெளியேற வழியின்றி உறை உருகும். வெளியில் இடுவதற்கென்று செய்த தடித்த கம்பியை, வேண்டிய நீளமே கொண்டு, சுருள் நீக்கி விரித்துப் பயன்படுத்த வேண்டும்.

எஞ்சினே இல்லாத மின்சார வண்டிகள் வந்தபின் இக்கதை மற்றொரு திருப்பம் கண்டது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் என்னும் வண்டியின் செருகுவாய்கள் அனைத்தும் சேர்ந்து 9,600 வாட் வரை தரத்தக்கனவாக அமைந்தன. அதன் பெரிய மின்கலம் ஏறத்தாழ 131 கிலோவாட்-மணி ஆற்றலைத் தேக்கியது. நாளொன்றுக்கு 30 கிலோவாட்-மணி செலவிடும் வீட்டுக்கு அது மூன்று நாள் வரை போதும் என நிறுவனம் கூறியது. அத்தகைய வண்டியில் புகையில்லை, ஓசையில்லை, கார்பன் மோனாக்சைடின் அச்சமும் இல்லை. ஆயினும் எல்லை இல்லாமல் இல்லை. வீட்டுக்குத் தந்த ஒவ்வொரு கிலோவாட்-மணியும் பயணத்திலிருந்து கழிவது. புயல் நடுவே மின்கலத்தை முற்றும் வற்றவிட்டவன், மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய வேளையில் வண்டியிருந்தும் வழியின்றி நிற்பான்.

ஆக, கோடிக்கணக்கான மக்களுக்கு மின்சாரம் தரும் மாநில மின்வலைக்கும், வண்டியின் பின்தட்டில் உள்ள சிறு செருகுவாய்க்கும் விதி ஒன்றே: உண்டாவதற்கு மேல் செலவாகலாகாது. மின்வலை தன் எல்லையை மீறியபோது இலட்சக்கணக்கான வீடுகளைத் துறந்து தன்னைக் காத்துக்கொண்டது. இன்வெர்ட்டர் தன் எல்லையை மீறும்போது தானே அடங்கித் தன்னைக் காத்துக்கொள்கின்றது. இருவேறு அளவில் நடப்பது ஒரே நிகழ்ச்சி. வீட்டில் சுவிட்சைத் தட்டும் கை, அம்மின்சாரம் எங்கே பிறந்தது என எண்ணுவதில்லை. வண்டியின் செருகுவாயோ, பக்கத்தில் ஓடும் எஞ்சினின் ஓசையாலும் இறங்கிக்கொண்டே வரும் பெட்ரோல் முள்ளாலும் அதனை ஓயாது நினைவூட்டுகின்றது. கெண்டிக்குச் செலவிடுவதா, முதியவரின் மூச்சுக்கருவிக்குச் செலவிடுவதா எனத் தேர்ந்து பகுத்தளிக்கும் பொறுப்பை அது மனிதன் கையில் வைக்கின்றது. அளவை அறிந்து, காற்றுக்கு வழிவிட்டு, கம்பத்தில் ஏறுபவனையும் எண்ணிப் பயன்படுத்துவோர்க்கு, பாரம் சுமக்கப் பிறந்த வண்டி இருண்ட இரவில் ஒளியையும், குளிர்ந்த வீட்டில் உயிரையும் சுமந்து நிற்கும்.